"வாரல் என்பனபோல்": உவமையா, தற்குறிப்பேற்றமா?

வினா: தமிழம்மா_தஞ்சை

அன்புடையீர், வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் நடந்த வகுப்புத் தேர்வில், சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் வரும்

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

என்னும் அடிகளைக் கொடுத்து, அவற்றில் அமைந்துள்ள அணியைச் சுட்டி விளக்குமாறு கேட்டிருந்தேன். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்தபடி தற்குறிப்பேற்ற அணி என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும், கொடி உவமேயம், கைகாட்டித் தடுக்கும் மனிதர் உவமானம், 'போல்' உவம உருபு, ஆகவே இது உவமை அணி என்று எழுதியிருந்தாள். நானும் யோசிக்காமல் சுழியம் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் விடைத்தாளுடன் வந்து, "அம்மா, புலவரே 'போல்' என்று எழுதியிருக்கும்போது இது எப்படி உவமை ஆகாமல் போகும்?" என்று கேட்டாள். இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதுதான் இந்த அணி என்று பாடநூல் விளக்கத்தைச் சொன்னேன். "உவமையிலும் கவிஞர் தம் குறிப்பைத்தானே ஏற்றுகிறார்? நான் முகம் மாதிரி இருக்கிறேன் என்று தாமரையா வந்து சொன்னது?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

ஆகவே இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன். இந்த இரண்டு அணிகளுக்கும் இடையிலான எல்லை எங்கே இருக்கிறது? அதைவிட என்னை அரிப்பது அடுத்த ஐயம். அணியின் பெயரைச் சரியாக எழுதிய பிள்ளைகளின் விடைகளும் "இயல்பாக ஆடும் கொடியை வராதே எனத் தடுப்பதாகக் கூறியதால் இது தற்குறிப்பேற்ற அணி" என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. பெயரைச் சொன்ன பிறகு ஒரு மாணவர் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்பிப்பது?

மறுமொழி 1: ஏட்டுச்சுவடி

அம்மா, தங்கள் மாணவியின் ஐயம் மிகப் பழையது. இலக்கண நூலாரே அதை எதிர்பார்த்திருக்கிறார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் உவமையை

பண்பும் தொழிலும் பயனுமென் றிவற்றின்
ஒன்றும் பலவும் பொருளொடு பொருள்புணர்த்
தொப்புமை தோன்றச் செப்புவ துவமை

என்று வரையறுக்கிறது. இதில் 'பொருளொடு பொருள் புணர்த்து' என்னும் தொடரைக் கவனியுங்கள். உவமைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். முகம் என ஒன்று, தாமரை என ஒன்று. இரண்டும் உலகில் தனித்தனியே இருப்பவை. அவற்றைச் சேர்த்து வைத்து ஒப்புமை காட்டுவது மட்டுமே புலவரின் வேலை. அதே நூல் தற்குறிப்பேற்றத்தை

பெயர்பொருள் அல்பொருள் எனவிரு பொருளினும்
இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று
தற்குறித் தேற்றுதல் தற்குறிப் பேற்றம்

என்கிறது. இங்கே பொருளோடு பொருளைப் புணர்ப்பது பற்றிய பேச்சே இல்லை. இயங்குவதோ இயங்காததோ, பொருள் ஒன்றுதான் இருக்கிறது. அதனிடம் இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கு இயல்பான காரணத்தை விட்டுவிட்டு வேறொரு காரணத்தைப் புலவர் தம் கருத்தால் ஏற்றுகிறார். கொடி ஆடுவதற்குக் காற்றே காரணம். இளங்கோவடிகள் காற்றின் இடத்தில் ஓர் எண்ணத்தை வைக்கிறார். முகத்துக்குத் தாமரையை உவமை சொல்லும் புலவர், முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் எதையும் கற்பிப்பதில்லை. மாணவி எழுப்பிய தாமரைக் கேள்விக்கு இதுவே விடை என்று நினைக்கிறேன்.

இனி 'போல்' பற்றி. வடமொழியில் காவியாதரிசம் எழுதிய தண்டியே இந்தச் சிக்கலை விரிவாக எடுத்துப் பேசுகிறார். 'இருள் உடம்பில் பூசுவது போலிருக்கிறது, வானம் மையைப் பொழிவது போலிருக்கிறது' என்னும் பொருள்படும் ஒரு சுலோகத்தில், நம் 'போல'வுக்கு நிகரான 'இவ' என்னும் சொல் வருவதைக் கொண்டு அதை உவமை என்று கூறியவர்களை அவர் மறுக்கிறார். ஒப்பிடுவதற்கு உவமானமாக ஒரு பொருள் வேண்டும், வினைமுற்று உணர்த்தும் செயல் உவமானம் ஆகாது என்பது அவர் வாதம். 'எண்ணுகிறேன்', 'ஐயுறுகிறேன்' என்பன போன்ற சொற்களைப் போலவே 'இவ' என்பதும் கற்பனைக் குறிப்பை வெளிப்படுத்தும் சொல்லாக வரலாம் என்று அவர் முடிக்கிறார். தமிழ்த் தண்டியலங்காரமும் அன்ன, போல முதலிய சொற்கள் தற்குறிப்பேற்றத்தில் வரும் என்பதற்கு இடம் தருகிறது. ஆகவே உருபைப் பார்த்து அணியைத் தீர்மானிப்பது, சட்டையைப் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது போன்றது. (இது உவமைதான்!)

மறுமொழி 2: வைகைக்கரையான்

முன்னவர் கூறியதில் ஓர் இடம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வடமொழித் தண்டியின் வாதம் வினைமுற்றைப் பற்றியது. 'பூசுகிறது' என்பது வினைமுற்று. அதனால் அது உவமானமாகாது என்பது சரி. ஆனால் சிலப்பதிகார அடியில் இருப்பது 'என்பன'. அது வினையாலணையும் பெயர். 'வாரல் என்று சொல்பவை போல' என்று விரித்தால், சொல்பவை என ஒரு தரப்பு, கொடிகள் என ஒரு தரப்பு, ஆக இரண்டு பொருள்கள் கிடைத்துவிடுகின்றன. பொருளொடு பொருள் புணர்த்தாயிற்று. தொழிலால் ஒப்புமையும் தோன்றிவிட்டது.

தொல்காப்பியம் 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று கூறி, வினையால் வரும் உவமத்துக்கு முதலிடமே தருகிறது. அதனிடம் தற்குறிப்பேற்றம் என்ற பெயரே கிடையாது. அதன் உவமவியல் என்னும் பகுதியை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர் இந்த அடியை வினையுவமம் என்றுதான் சொல்லியிருப்பார். பிற்காலத்து நூலின் கட்டத்துக்குள் முற்காலத்துப் பாட்டை அடைத்துவிட்டு, அடைபடாத பிள்ளைக்குச் சுழியம் போடுவது முறையன்று என்பது என் கருத்து.

மறுமொழி 3: ஏட்டுச்சுவடி

வைகைக்கரையான் அவர்களின் தடை கூர்மையானது. ஆனால் அவர் எடுத்த சொல்லே அவருக்கு எதிராகவும் நிற்கிறது. தங்கள் மாணவி உவமானமாகக் காட்டியது 'கைகாட்டித் தடுக்கும் மனிதரை'. இளங்கோவடிகள் மனிதரை உவமானமாகக் கருதியிருந்தால் 'என்பார் போல்' என்று உயர்திணையில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னதோ 'என்பன' என்னும் அஃறிணைப் பன்மை. கொடி என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக வரும் அஃறிணைப் பெயர். ஆகவே 'வாரல்' என்று சொல்பவை வேறு யாருமல்லர், அந்தக் கொடிகளேதாம். கொடிகள், வாரல் என்று சொல்லும் கொடிகளைப் போல ஆடின என்றால், ஒரு பொருளை அதனோடேயே ஒப்பிட்டதாக அல்லவா முடியும்? ஆக, இலக்கண வடிவில் பெயராக இருந்தாலும், பொருள் வகையில் இரண்டாவது பொருள் இங்கே இல்லை.

மதிப்பெண் குறித்து அவர் கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். உவமானம், உவமேயம், உருபு எனப் பிரித்துக் காட்டி ஒரு வாதத்தை முன்வைத்த பிள்ளைக்குச் சுழியம் கூடாது.

மறுமொழி 4: நெய்தல்மகள்

அணியின் பெயரைப் பற்றிய வழக்கு ஒருவாறு தீர்ந்துவிட்டதால், தமிழம்மா அவர்களின் இரண்டாவது ஐயத்தை எடுத்துக்கொள்கிறேன். அதுவே பெரிய கேள்வி என்பது என் எண்ணம். தற்குறிப்பேற்றம் என்று பெயர் சொன்னவுடன் நான் என் மாணவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, 'தன் குறிப்பு' என்பதில் உள்ள 'தான்' யார் என்பதுதான். பாட நூல்கள் அதைக் கவிஞர் என்று தீர்த்துவைத்துவிட்டதால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

கொடிக்கு முந்தைய அடிகளிலிருந்து தொடங்குங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையைக் கரைக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஆறு இப்படிக் காட்டப்படுகிறது:

வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற் குறுவது தானறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கிப்
புனல்யா றன்றிது பூம்புனல் யாறென
அனநடை மாதரும் ஐயனுந் தொழுது

கண்ணகிக்கு நேரப்போவதை வையை அறிந்துகொண்டவள் போல, மலராடையைப் போர்த்திக்கொண்டு, கண் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொள்கிறாள். 'கண்' என்பது இடம் என்றும் பொருள்படுவதால் அந்த நெடுநீர் ஆற்றின் வெள்ளமாகவும் இருக்கிறது, கண்ணீராகவும் இருக்கிறது. இதுவரை பேசியது நூலாசிரியரின் குரல்.

அடுத்த அடியில் குரல் மாறுகிறது. 'இது புனல் யாறு அன்று, பூம்புனல் யாறு' என்று சொல்லித் தொழுபவர்கள் கோவலனும் கண்ணகியும். இதுவும் ஓர் அணிதான். உண்மையை மறுத்துப் பிறிதொன்றை உரைப்பதால் அவநுதி, அதாவது ஒழிப்பணி. அவர்கள் எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு எந்த நீரை மறைத்துக்கொண்டதோ அந்த நீரைத்தான் அவர்கள் 'புனல் அன்று' என்கிறார்கள். ஆசிரியரின் அணி கண்ணீரைக் காட்டிக் கொடுக்கிறது. பாத்திரங்களின் அணி அதன் மேல் மலரைப் போர்த்துகிறது. அழகாகப் பேசுவதாலேயே அவர்கள் காணத் தவறுகிறார்கள். ஐந்தாறு அடிகளுக்குள் இரண்டு அணிகளை இப்படி ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியிருப்பதைக் கவனிக்காமல், 'இது தற்குறிப்பேற்றம், அது ஒழிப்பணி' என்று இரண்டு தனி விடைகளாக எழுதிவிட்டுப் போவது பெரிய இழப்பு.

பிறகு அவர்கள், குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட ஓடங்கள் ஓடும் பெருந்துறையை விட்டு விலகி, ஒரு மரப்புணையில் தென்கரை சேர்கிறார்கள். மதுரையை வலம் வருவது நன்று என்று அகழியை ஒட்டி நடக்கிறார்கள்.

கருநெடுங் குவளையும் ஆம்பலும் கமலமும்
தையலும் கணவனும் தனித்துறு துயரம்
ஐயம் இன்றி அறிந்தன போலப்
பண்ணீர் வண்டு பரிந்தினைந் தேங்கிக்
கண்ணீர் கொண்டு காலுற நடுங்க

இங்கும் 'கண்ணீர்' இரண்டாகப் பிரிகிறது. கள்ளாகிய நீர் என்றால் மலரிலுள்ள தேன். கண்ணின் நீர் என்றால் அழுகை. 'கால்' என்பது காற்று. அது தீண்ட மலர்கள் நடுங்குகின்றன. இயற்கைக் காரணங்கள் ஒன்றைக்கூட இளங்கோவடிகள் ஒளிக்கவில்லை. காற்று இருக்கிறது, தேன் இருக்கிறது, வண்டின் பாட்டு இருக்கிறது. அவை எல்லாம் அப்படி அப்படியே இருக்க, அதே சொற்களுக்குள்ளேயே துயரமும் இருக்கிறது. 'ஐயம் இன்றி அறிந்தன' என்று உறுதியாகச் சொல்லிவிட்டு உடனே 'போல' என்று சேர்ப்பதையும் பாருங்கள். இதற்குப் பிறகுதான் மதிற்கொடி வருகிறது.

ஆறு அறிந்து மறைக்கிறது. மலர்கள் அறிந்து அழுகின்றன. கொடி அறிந்து தடுக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அறிவு வெளிப்படையாகிக்கொண்டே போகிறது. நடந்து செல்லும் மனிதர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. புறஞ்சேரி இறுத்த காதை நூலின் 13ஆவது காதை. 16ஆவது கொலைக்களக் காதை. முடிவை அறிந்த ஆசிரியரும், கதையை முன்பே அறிந்த கேட்போரும் ஒரு பக்கம். அறியாத இருவர் மறுபக்கம். இங்கே 'தான்' என்பவர் முடிவை அறிந்தவர். அந்த அறிவை அவர் பாத்திரங்களின் காதில் சொல்ல முடியாது. ஆகவே ஆற்றிடமும் மலரிடமும் கொடியிடமும் சொல்லிவைக்கிறார்.

இதோடு புகழேந்தியின் நளவெண்பாவை ஒப்பிட்டால் 'தான்' மாறும்போது அணியே வேறு வேலை செய்வது தெரியும். தமயந்தியை நள்ளிரவில் காட்டில் விட்டுவந்த நளன் கடற்கரையில் நண்டைப் பார்த்துக் கேட்கிறான்:

காதலியைக் காரிருளிற் கானகத்தே கைவிட்ட
பாதகனைப் பார்க்கப் படாதென்றோ – நாதம்
அளிக்கின்ற ஆழிவாய் ஆங்கலவ ஓடி
ஒளிக்கின்ற தென்னோ உரை

ஆள் நடமாட்டம் கண்டால் நண்டு ஓடி வளைக்குள் ஒளிவது இயல்பு. கடற்கரையில் வளர்ந்த எனக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. ஆனால் இங்கே வேறு காரணத்தை ஏற்றுபவன் புகழேந்தி அல்லன், நளன். 'பாதகன்' என்ற சொல்லும் நளனுடையதே. நண்டுக்கு எதுவும் தெரியாது. அவனுக்குத்தான் தன் குற்றம் தெரியும். சிலப்பதிகாரத்தில் பொருள்கள் அறிந்திருக்க மனிதர் அறியாதிருக்கிறார்கள். இங்கே மனிதன் அறிந்ததை ஒன்றும் அறியாத பொருள் சுமக்கிறது. உருபும் 'போல்' அன்று, 'என்றோ' என்னும் ஐயவினா. மாணவரிடம் இரண்டு பாட்டையும் சேர்த்துக் கொடுத்து, யாருடைய குறிப்பு, அது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அணியின் பெயரைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

மறுமொழி 5: இருமொழியன்

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவன். நெய்தல்மகள் அவர்கள் வகுத்த வேறுபாடு எனக்கு மிகப் பயன்பட்டது. எங்கள் வகுப்புகளில் இத்தகைய இடங்களை எல்லாம் 'பதெட்டிக் ஃபேலஸி' (மனித உணர்வை இயற்கைப் பொருள்கள் மேல் ஏற்றிக் காணும் பிழை) என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கம். அந்தத் தொடரை 1856இல் உருவாக்கிய ஜான் ரஸ்கின் அதைப் பெரும்பாலும் குறையாகவே கருதினார். கடல் நுரையைக் 'கொடியது, ஊர்ந்து வருவது' என்று பாடிய ஒரு வரியை எடுத்துக்காட்டி, நுரை கொடியதும் அன்று, ஊர்வதும் அன்று, துயரத்தால் நிலைகுலைந்த மனமே அப்படிக் காண்கிறது என்று விளக்கினார். நளனின் நண்டுக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. மதுரைக் கொடிக்குப் பொருந்தவில்லை. அங்கே நிலைகுலைந்த மனம் எதுவும் இல்லை. சொல்பவர் அமைதியாக இருக்கிறார். ஆகவே தற்குறிப்பேற்றத்துக்கு அந்த ஆங்கிலத் தொடரை நேர்ச்சொல்லாகத் தரும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கம்பராமாயணத்தின் மிதிலைக் காட்சிப் படலத்தை யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. அங்கே மிதிலை நகரம், 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி' இராமனை 'ஒல்லை வா' என்று அழைப்பது போன்றிருக்கிறது. இரண்டையும் வா, வாராதே என்று எதிரெதிராக வைத்துப் பேசுவது மேடைகளில் நெடுநாளாக நடப்பது. நான் சொல்ல வருவது வேறு. மிதிலை தன் அழைப்புக்குக் காரணம் சொல்கிறது. தான் செய்த தவத்தால் திருமகள் தாமரையை விட்டு வந்து தன்னிடம் தங்கியிருக்கிறாள் என்கிறது. மதுரைக் கொடி காரணம் சொல்லவில்லை. 'வாரல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. கம்பர் பாட்டை முடிக்கும்போது 'அம்மா' என்று வியந்து தாமே வெளியே வந்து நிற்கிறார். இளங்கோவடிகளிடம் அந்த வியப்பொலிகூட இல்லை.

மறுமொழி 6: வைகைக்கரையான்

'என்பன' பற்றி ஏட்டுச்சுவடி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றைப் பற்றிய அடியில் 'அறிந்தனள் போல்' என்று பெண்பாலில் இருக்கிறதே, அங்கே ஒரு பெண்ணை உவமானமாகக் கொள்ளலாமே என்று கேட்க வந்தேன். எழுதும்போதே விடை கிடைத்துவிட்டது. 'குலக்கொடி' என்னும் உருவகம் முன்னரே ஆற்றைப் பெண்ணாக்கிவிட்டதால், அறிந்தனள் என்பதும் அவளையே குறிக்கிறது. அங்கும் இரண்டாவது ஆள் இல்லை. தொல்காப்பியர் பக்கம் நின்று நான் எழுப்பிய தடையை மட்டும் விடுவதாக இல்லை. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

தமிழம்மா_தஞ்சை

அனைவருக்கும் நன்றி. மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். நேற்று ஆறு, மலர், கொடி மூன்றையும் ஒருசேரக் கரும்பலகையில் எழுதி, நெய்தல்மகள் சொன்னபடி அணியின் பெயரையும் நானே எழுதிவிட்டு, யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே மாணவி எழுந்து, "கொடி கை காட்டியதை அவர்கள் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் பயனில்லை அம்மா. ஆற்றைப் பூ என்று கும்பிட்டவர்கள்தானே, கொடியைப் பார்த்து ஊர் தங்களைக் கூப்பிடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்" என்றாள்.